ரிக்டர்: கருவியா, அலகா, அளவா?

நிலநடுக்கச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே வரும் ‘ரிக்டர்’ என்ற சொல்லைப் பற்றியும், அதை ஒட்டிப் புழங்கும் மற்றச் சொற்களைப் பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

“‘ரிக்டர் அளவுகோலில் 6.2 ஆகப் பதிவானது’ என்று படிக்கிறோம். இந்த ரிக்டர் என்பது தரையில் புதைத்து வைத்திருக்கும் கருவியா? அல்லது மீட்டர், லிட்டர் போல ஓர் அலகா?”
– வாசகி, காரைக்குடி

இரண்டும் இல்லை. ரிக்டர் என்பது ஒருவருடைய பெயர். சார்லஸ் ரிக்டர், அமெரிக்காவில் பசடீனா நகரிலுள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய நிலநடுக்க ஆய்வாளர். தென் கலிபோர்னியாவில் அடிக்கடி வரும் நடுக்கங்களில் எது பெரிது, எது சிறிது என்று ஒரே ஒழுங்கில் வரிசைப்படுத்த ஒரு வழி அவருக்குத் தேவைப்பட்டது. அதற்காக அவர் வகுத்த கணக்குமுறை 1935இல் வெளியானது. உடன் பணியாற்றிய பெனோ குட்டன்பர்க்குக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. எண்களை மடக்கையில் (லாகரிதத்தில்) வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை அவருடையதுதான்.

முறை இதுதான். அந்தக் காலத்தில் ‘வுட்–ஆண்டர்சன்’ என்ற வகை நில அதிர்வுமானி அங்கே பல நிலையங்களில் இருந்தது. நிலநடுக்க மையத்திலிருந்து சரியாக 100 கி.மீ. தொலைவில் அந்தக் கருவி இருந்து, அதன் தாளில் அலைக்கோடு 1 மில்லிமீட்டர் உயரம் எழும்பினால் அந்த நடுக்கத்தின் அளவு 3. கோடு 10 மி.மீ. எழும்பினால் 4. 100 மி.மீ. எழும்பினால் 5. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. கருவி 100 கி.மீ.க்கு அப்பால் இருந்தால் தொலைவுக்கு ஏற்ற ஓர் எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதலில் வரும் அலைக்கும் (முதன்மை அலை) இரண்டாவது வரும் அலைக்கும் (துணை அலை) இடைவெளி 25 வினாடி. வினாடிக்கு 8 கி.மீ. என்று பெருக்கினால் தொலைவு ஏறத்தாழ 200 கி.மீ. தாளில் மிக உயரமாக எழும்பிய கோடு 23 மி.மீ. என்றால், 23இன் மடக்கை 1.36. 200 கி.மீ.க்கு அட்டவணை தரும் எண் 3.5. கூட்டினால் 4.86. ஆகவே நடுக்கத்தின் அளவு 4.9. பல நிலையங்களில் இப்படிக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பார்கள். எந்தக் கருவியும் ‘4.9’ என்று முள்ளைக் காட்டி நிற்பதில்லை. ‘பதிவானது’ என்று நாம் எழுதினாலும், பதிவாவது அலைக்கோடு மட்டும்தான். எண் கணக்கிட்டு வருவது.

குழப்பத்துக்குத் தமிழில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. நமக்கு அளவுகோல் என்றால் கையில் பிடிக்கும் கோல். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் என்றாலும் அதே மரக்கோல்தான். அதனால் ‘ரிக்டர் ஸ்கேல்’ என்று கேட்டதும் மனம் ஒரு பொருளைத் தேடுகிறது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ரிக்டரைப் பார்க்க வந்தவர்களே ‘அந்த அளவுகோலைக் காட்டுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். தன்னிடம் காட்ட அட்டவணைகளும் வரைபடங்களும்தான் உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே ‘ரிக்டர் கருவியில் பதிவானது’ பிழை. ‘6.2 ரிக்டர்’ என்று அலகு போல எழுதுவதும் பிழை, ஏனென்றால் இந்த எண்ணுக்கு அலகே கிடையாது. ‘6.2 புள்ளிகள்’ என்பது பிழை என்று சொல்ல முடியாவிட்டாலும், தேர்வு மதிப்பெண் போல ஒவ்வொரு புள்ளியும் சம எடை கொண்டது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. ‘6.2 அளவுள்ள நிலநடுக்கம்’ போதும்.

இன்னொன்று. ‘அளவு’ என்று நாம் சொல்லும் சொல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மேக்னிடியூட்’. அது வானியலிலிருந்து வந்தது. விண்மீன்களின் ஒளிர்வைக் குறிக்க அங்கே அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. ஒரு வேறுபாடு என்னவென்றால், விண்மீனில் எண் குறையக் குறைய ஒளி அதிகம். இங்கே எண் கூடக் கூட நடுக்கம் பெரிது.

“அப்படியானால் ‘ரிக்டர் அளவில் 7.8’ என்று எழுதுவது சரிதானே?”
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

4.5 என்றால் ஏற்கலாம். 7.8 என்றால் சரியில்லை. ரிக்டர் முறையில் 7.8 என்ற எண்ணை நம்பகமாகப் பெறவே முடியாது.

வுட்–ஆண்டர்சன் கருவி குறுகிய அலைகளை, அதாவது ஒரு வினாடிக்குள் ஆடி முடியும் அலைகளையே நன்றாகக் காட்டும். சிறு நடுக்கத்தில் பாறை சில கிலோமீட்டர் தூரம் கிழியும். சில வினாடிகளில் முடிந்துவிடும். அதற்கு அந்தக் கருவி பொருத்தம். பெரும் நடுக்கத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை கிழிந்துகொண்டே போகும். சில நிமிடங்கள்கூட ஆகும். அப்போது பெருகுவது நீண்ட, மெதுவான அலைகள். குறுகிய அலைகள் ஓர் எல்லைக்குமேல் பெருகுவதில்லை. கரையில் நின்று சிற்றலைகளின் உயரத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பவருக்கு ஓதத்தில் கடல்மட்டம் ஏறுவது தெரியாது. அதே நிலைதான். ஏறத்தாழ 7ஐ நெருங்கும்போது ரிக்டர் எண் தேங்கிவிடுகிறது. நடுக்கம் எவ்வளவு பெரிதானாலும் எண் அதற்குமேல் ஏற மறுக்கிறது. தவிர, 600 கி.மீ.க்கு அப்பாலுள்ள கருவிகளுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. அது தென் கலிபோர்னியப் பாறைக்கென்றே செய்யப்பட்டது.

இந்தக் குறையைத் தீர்த்தது ‘திருப்புத்திறன் அளவு’. 1970களின் இறுதியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹாங்க்ஸும் இதை வகுத்தார்கள். இதில் தாளில் எழும்பிய கோட்டின் உயரம் முக்கியமில்லை. பாறை கிழிந்து நழுவிய பிளவின் பரப்பு, அது எத்தனை மீட்டர் நழுவியது, பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். எடுத்துக்காட்டாக, 30 கி.மீ. நீளமும் 15 கி.மீ. அகலமும் உள்ள பிளவுத்தளம் சராசரியாக 1 மீட்டர் நழுவினால், பாறையின் வழக்கமான விறைப்பை வைத்துக் கணக்கிட்டு வருவது 6.7. பழைய எண்களோடு ஒட்டிப்போகும்படி சூத்திரத்தை அமைத்திருப்பதால், நடுத்தர நடுக்கங்களுக்கு இரண்டு முறையிலும் ஏறத்தாழ ஒரே விடை வரும். ரிக்டர் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க அதுவும் ஒரு காரணம்.

1960 மே 22இல் சிலியில் வந்த நடுக்கமே கருவிகள் கண்டவற்றில் மிகப் பெரியது. அதன் அளவு 9.5. இது திருப்புத்திறன் அளவு. இதையும் ‘ரிக்டர் அளவில் 9.5’ என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரிக்டர் முறையில் அப்படி ஓர் எண் வரவே வராது.

இந்த எண்ணில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் 6.28 மணி கடந்து சுமத்ராவுக்கு அருகே நடுக்கம் தொடங்கியது. கால் மணி நேரத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை மையம் தந்த முதல் எண் 8.0. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது 8.5 ஆனது. பல மணி நேரம் கழித்து 9.0. இன்று பரவலாகக் கொள்ளப்படுவது 9.1. முதலில் கிடைத்த அலைகளை வைத்து விரைவாகப் போடும் கணக்குகள், 1,200 கி.மீ.க்கும் மேல் நீண்ட ஒரு கிழிசலைப் பார்க்க முடியாதவை. 8.0க்கும் 9.1க்கும் ஆற்றலில் ஏறத்தாழ 45 மடங்கு வேறுபாடு. இலங்கைக் கரைக்கும் தமிழகக் கரைக்கும் சுனாமி அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. எண் சரியாக இருந்திருந்தாலும் செய்தியைக் கரைக்குக் கொண்டுவர அன்று இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடு இல்லை என்பது வேறு துயரம். ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்.

2001 ஜனவரி 26இல் குஜராத்தில் வந்த பூஜ் நிலநடுக்கத்திலும் இதே குழப்பம் வந்தது. இந்தியாவில் 6.9 என்றார்கள், அமெரிக்காவிலிருந்து 7.7 என்று வந்தது. யாரோ எண்ணை மறைக்கிறார்கள் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. யாரும் மறைக்கவில்லை. 6.9 ரிக்டர் வழிக் கணக்கு, 7.7 திருப்புத்திறன் வழிக் கணக்கு. எந்த அளவு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் வெளியிட்டதால் வந்த வினை அது.

“7.6 என்றார்கள், பிறகு 7.8 என்று திருத்தினார்கள். 0.2தானே, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?”
– வாசகர், ஓசூர்

அந்த 0.2 ஆற்றலை இரு மடங்காக்குகிறது. 1 கூடினால் அலையின் உயரம் 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. 2 கூடினால் ஆற்றல் 1,000 மடங்கு. இந்த 10ஐயும் 32ஐயும் மாற்றிப் போட்டுவிடுவது செய்திகளில் அடிக்கடி நிகழும் தவறு. ‘7 அளவு 6ஐவிடப் பத்து மடங்கு வலிமையானது’ என்று எழுதினால் எது பத்து மடங்கு என்ற கேள்வி எழும். ‘அலை உயரம் பத்து மடங்கு’ என்று முழுமையாக எழுதிவிடுங்கள்.

“2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சென்னையில் எங்கள் அலுவலகம் ஆடியது. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். 8.6 என்றார்கள். அவ்வளவு பெரிய நடுக்கம் வந்தும் சென்னையில் ஒரு சுவர்கூட விழவில்லையே, எப்படி?”
– வாசகி, சென்னை

சென்னையில் வந்தது 8.6 இல்லை. சுமத்ராவுக்குத் தென்மேற்கே, கரையிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில் கடலுக்கடியில் வந்ததுதான் 8.6. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,800 கி.மீ. தொலைவு. ஒரு நடுக்கத்துக்கு அளவு ஒன்றே ஒன்றுதான். அது மையத்திலும் 8.6தான், சென்னையில் இருந்து பேசினாலும் 8.6தான். ஊருக்கு ஊர் மாறுவது குலுக்கம்.

இந்தக் கேள்விக்குள் இருக்கும் வேறுபாடுதான் இந்தச் சொற்களில் எல்லாம் தலையானது. அதைத் தமிழில் நாம் இன்னும் சரியாகப் பிரித்து எழுதவில்லை என்பது எங்கள் வருத்தம். ரிக்டரே இதற்கு வானொலியை உவமையாகச் சொன்னார். திருச்சி வானொலி நிலையத்தின் ஒலிபரப்பி இத்தனை கிலோவாட் என்பது மாறாத எண். ஆனால் அது ஸ்ரீரங்கத்தில் கேட்பது போல ராமேஸ்வரத்தில் கேட்காது. கிலோவாட் போன்றது அளவு. உங்கள் வீட்டுப் பெட்டியில் கேட்கும் ஒலி போன்றது குலுக்கம்.

குலுக்கத்துக்கு வேறு அளவீடு உண்டு. இத்தாலியரான மெர்காலி 1902இல் வகுத்து, 1931இல் அமெரிக்காவில் திருத்தப்பட்டது ஒன்று. 1964இல் மெட்வெடெவ், ஸ்பான்ஹாயர், கார்னிக் என்ற மூவர் வகுத்தது இன்னொன்று. இந்தியாவில் பெரிதும் பயன்பட்டது இதுவே. இரண்டிலும் பன்னிரண்டு படிகள். எண்கள் ரோமன் முறையில் எழுதப்படும், தசமம் வராது. இங்கே கருவியைவிடக் கண்ணும் காதும் முக்கியம். மூன்றாம் படி என்றால் வீட்டுக்குள் இருக்கும் சிலருக்கு மட்டும் ஒரு லாரி கடந்துபோனது போலத் தோன்றும். நான்காம் படியில் பாத்திரங்களும் கதவு ஜன்னலும் கடகடக்கும். ஐந்தில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள், அலமாரியிலுள்ள சிறு பொருள்கள் விழும். ஆறில் எல்லோருக்கும் தெரியும், சுவர்ப்பூச்சு உதிரும். ஏழில் நிற்பதே கடினம், சரியாகக் கட்டாத சுவர்கள் பிளக்கும். எட்டுக்குமேல் வீடுகள் இடியத் தொடங்கும். சென்னையில் அன்று மின்விசிறி ஆடியது, நாற்காலி அசைந்தது, தலை சுற்றியது என்று பலர் சொன்னவை மூன்றாம், நான்காம் படிக்கு உரிய அடையாளங்கள்.

மேல்மாடியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது கீழே கடையில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. தொலைவு கூடக் கூடக் குறுகிய அலைகள் பாறையிலேயே தேய்ந்துவிடும். 1,800 கி.மீ. தாண்டி வருபவை மெதுவான நீண்ட அலைகள். கட்டடம் இயல்பாக ஒரு முறை ஆடி முடிக்க மாடிக்கு 0.1 வினாடி என்று பொறியாளர்கள் தோராயமாக வைத்துக்கொள்வார்கள். பத்து மாடி என்றால் ஒரு வினாடி, இருபது மாடி என்றால் இரண்டு. வரும் அலையின் கதி இந்த ஆட்டத்தோடு ஒத்துவந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல ஆட்டம் ஏறும். ஓட்டு வீட்டுக்கு அந்த அலை ஒத்துவராது.

அளவு சிறிதாக இருந்தும் குலுக்கம் கொன்ற கதை கில்லாரி. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மாவட்டத்து ஊர் அது. அளவு 6.2தான். மையம் ஆழமில்லாமல், ஊர்களுக்குக் கீழேயே இருந்தது. வீடுகள் கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கிய கனத்த சுவர்கள். நேரமோ எல்லோரும் உறங்கும் நேரம். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 8.6இல் சென்னையில் சுவர் விழவில்லை, 6.2இல் ஊர்களே மண்ணோடு மண்ணாயின. எண்ணை மட்டும் தலைப்பில் போட்டால் இந்த வேறுபாடு வாசகருக்கு எப்படித் தெரியும்?

மண்ணும் குலுக்கத்தைக் கூட்டும். பூஜ் நடுக்கத்தில் 200 கி.மீ.க்கும் அப்பாலிருந்த அகமதாபாதில் அடுக்குமாடிகள் சரிந்தன. அங்கே சபர்மதி படிய வைத்த வண்டல் ஆழமானது. 2025 மார்ச் 28இல் மியான்மரில் மண்டலே அருகே வந்த 7.7 அளவு நடுக்கத்தில் ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளியிருந்த பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான அரசுக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. பாங்காக் நிற்பது மென்களிமண்ணில். தூரத்திலிருந்து வரும் நீண்ட அலையை அந்தக் களிமண் பெருக்கிக் கொடுக்கும்.

ஜப்பானியர் இந்த இரண்டையும் கலக்காமல் சொல்லப் பழகியிருக்கிறார்கள். அளவுக்கு ‘மகுனிச்யூடோ’, குலுக்கத்துக்கு ‘ஷிந்தோ’. தொலைக்காட்சியில் முதலில் வருவது ஊர்வாரியாக ஷிந்தோ. 0 முதல் 7 வரை, 5க்கும் 6க்கும் கீழ்–மேல் என்று இரண்டு பிரிவுகள், ஆக மொத்தம் பத்துப் படிகள். தன் ஊர் எவ்வளவு ஆடியது என்பதுதான் அங்கே குடிமக்களுக்கு முதல் செய்தி.

தமிழில் இதற்குச் ‘செறிவு’ என்றும் ‘உக்கிரம்’ என்றும் எழுதுகிறார்கள். செறிவு ஒளிக்கும் உப்புக் கரைசலுக்கும் பொருந்துகிறது; ஆடிய வீட்டுக்குப் பொருந்தவில்லை. ‘தீவிரம்’ என்ற சொல்லை அளவுக்கும் குலுக்கத்துக்கும் மாற்றி மாற்றிப் போட்டு அதன் கூர்மையைப் போக்கிவிட்டோம். ‘அளவு’, ‘குலுக்கம்’ என்ற இரண்டு எளிய சொற்களே போதும் என்பது எங்கள் கருத்து. ‘சென்னையில் குலுக்கம் நான்காம் படி’ என்றால் யாருக்கும் புரியும்.

“சென்னை மூன்றாவது நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் 3 ரிக்டர் வரைதான் வருமா?”
– வாசகர், பூந்தமல்லி

இல்லை. மண்டல எண்ணுக்கும் நடுக்கத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை. கட்டட வடிவமைப்புக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாட்டைப் பிரித்த வகை அது. 2002 திருத்தத்தில் முதல் மண்டலம் நீக்கப்பட்டு இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாயின. கில்லாரி, பழைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்த ஊர் என்பதை மறக்க முடியாது. சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியதும் அந்தத் திருத்தத்தில்தான். மூன்றாம் மண்டலம் என்றால் குலுக்கம் ஏழாம் படி வரை வரலாம் என்று கொண்டு கட்டடத்தை வடிவமைக்க வேண்டும் என்றது அது. அந்தத் திருத்தத்தின்படி மண்டலக் காரணி (கட்டடம் தாங்க வேண்டிய குலுக்கத்தைக் கணக்கிட உதவும் எண்) 0.16. மாடி கட்டுகிறவர்கள் உங்கள் பொறியாளரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழ் மண்ணிலும் நடுக்கம் வந்ததுண்டு. 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் வந்தது ஏறத்தாழ 6 என்று மதிப்பிடப்படுகிறது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்தது 5.5.

“எந்த நடுக்கமானாலும் ‘மையம் 10 கி.மீ. ஆழத்தில்’ என்றே வருகிறதே?”
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

நல்ல கவனிப்பு. ஆழத்தைச் சரியாகக் கணிக்க மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கருவியாவது இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் தொலைவில் இருந்தால் ஆழம் கூடினாலும் குறைந்தாலும் அலை வந்து சேரும் நேரம் பெரிதாக மாறாது; கணக்கு முடிவுக்கு வராது. அப்போது ஆழத்தை ஒரு பொது எண்ணில் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கணக்கிடுவார்கள். அமெரிக்க நில அளவைத் துறையில் அந்தப் பொது எண் பெரும்பாலும் 10 கி.மீ.; முன்பு 33 ஆக இருந்தது. எனவே முழு எண்ணாக ‘10’ வந்தால், ‘ஆழம் அதிகமில்லை’ என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். 70 கி.மீ. வரை ஆழமற்றது, 300 வரை இடைப்பட்டது, அதற்குக் கீழே 700 வரை ஆழமானது.

‘மையம்’ என்ற சொல்லும் இரண்டு வேலை செய்கிறது. பாறை கிழியத் தொடங்கிய இடம் பூமிக்குள்ளே இருப்பது. அதற்கு நேர் மேலே தரையில் குறிக்கும் புள்ளி வேறு. உள்ளே இருப்பதை ‘குவியம்’ என்றும் மேலே இருப்பதை ‘மேல்மையம்’ என்றும் எழுதினால் சிக்கல் தீரும். ‘மேல்மையம் 10 கி.மீ. ஆழத்தில்’ என்று எழுதிவிடக் கூடாது, மேல்மையம் தரைமட்டத்தில் உள்ளது.

இரண்டுமே தொடங்கிய இடத்தைத்தான் சொல்கின்றன, முடிந்த இடத்தை அல்ல. 2004இல் மேல்மையம் சுமத்ராவுக்கு அருகே. கிழிசலோ நிக்கோபார் கடந்து அந்தமான் வரை ஓடியது. மியான்மரில் சகாயிங் பிளவு 400 கி.மீ.க்கும் மேல் கிழிந்தது. ‘மேல்மையத்திலிருந்து 300 கி.மீ. தள்ளியிருக்கிறோம், ஆபத்தில்லை’ என்று நினைத்த ஊர், கிழிசலின் மேலேயே இருந்திருக்கலாம்.

“பூகம்பம், நிலநடுக்கம், நில அதிர்வு: இவற்றுக்குள் வேறுபாடு உண்டா?”
– வாசகர், மதுரை

பொருளில் இல்லை. பூகம்பம் வடமொழி, நிலநடுக்கம் தமிழ். சிறியதை நில அதிர்வு என்றும் பெரியதைப் பூகம்பம் என்றும் நாளிதழ்கள் எழுதுவது வழக்கத்தால் வந்தது, 5.0க்குக் கீழே இது, மேலே அது என்று கோடு எதுவும் இல்லை. ஆனால் குண்டு வெடிப்பு, சுரங்கத்தில் பாறை வெடிப்பு, ரயில் ஓட்டம் இவற்றாலும் நிலம் அதிரும். அவற்றுக்கு ‘நில அதிர்வு’ என்ற பொதுச்சொல்லை விட்டுவைத்து, பிளவு நழுவி வருவதற்கு ‘நிலநடுக்கம்’ என்று வைத்துக்கொண்டால் பயன் அதிகம்.

“இலங்கைச் செய்திகளில் ‘ரிக்டர் அளவுகோலில் 3.3 மெக்னிடியூட்’ என்று வருகிறது. இது சரியா?”
– வாசகி, வவுனியா

ஒரே பொருளை இரண்டு முறை சொல்லும் தொடர் அது. ‘3.3 மெக்னிடியூட்’ என்றால் போதும், தமிழில் ‘3.3 அளவு’.

“பெரிய நடுக்கத்துக்குப் பின் வரும் சிறியவைதாம் பின்னதிர்வுகள் என்கிறார்களே, 7.3 கூடப் பின்னதிர்வாக முடியுமா?”
– வாசகர், ஈரோடு

முடியும். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25இல் 7.8, மே 12இல் வந்த 7.3 அதன் பின்னதிர்வு. அது தனியே வந்திருந்தால் அந்த ஆண்டின் பெரும் நடுக்கங்களில் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கும். ‘பின்’ என்பது வரிசையைக் குறிக்கிறது. ‘லேசான’ என்ற பொருள் அதில் இல்லை. முதல் நடுக்கத்தில் விரிசல் விட்ட சுவரைப் பின்னதிர்வு சாய்த்துவிடும். அதனால்தான் வீட்டுக்குள் பொருளெடுக்கப் போகாதீர்கள் என்கிறார்கள். மிகப் பெரிய பின்னதிர்வு முதன்மை நடுக்கத்தைவிடச் சராசரியாக 1.2 குறைந்திருக்கும். அது சராசரி மட்டுமே. நேபாளத்தில் குறைந்தது 0.5தான். எண்ணிக்கை நாளாக ஆகக் குறையும். முதல் நாளில் நூறு என்றால் பத்தாம் நாளில் ஏறத்தாழ பத்து. ஜப்பானியரான ஒமோரி 1894இலேயே இதைக் கண்டு சொன்னார்.

‘முன்னதிர்வு’ என்ற சொல்லில் கூடுதல் கவனம் வேண்டும். அதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது. 2011 மார்ச் 9இல் ஜப்பானுக்குக் கிழக்கே 7.3 வந்தபோது அது முதன்மை நடுக்கம். 11ஆம் தேதி 9.0 வந்த பிறகுதான் முன்னையது முன்னதிர்வு ஆனது. ‘இது முன்னதிர்வாக இருக்கலாம், பெரியது வரும்’ என்று யாராவது தேதியோடு அனுப்பினால் நம்ப வேண்டாம்.

“நாளிதழில் துணை ஆசிரியராக இருக்கிறேன். பிழையில்லாமல் எழுத ஒரு மாதிரி கொடுங்கள்.”
– வாசகர், கோவை

‘மியான்மரில் மண்டலே அருகே 7.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழம் ஏறத்தாழ 10 கி.மீ. இந்திய நேரம் முற்பகல் 11.50. தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கிலும் கட்டடங்கள் குலுங்கின.’ இதில் ரிக்டர் இல்லை, எதுவும் குறைந்துவிடவில்லை. எந்த நிறுவனத்தின் கணிப்பு என்பதை மட்டும் கட்டாயம் சேருங்கள். தில்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையம் 4.1 என்றும் அமெரிக்க நில அளவைத் துறை 4.4 என்றும் சொன்னால் இரண்டும் தவறில்லை. கருவிகள் வேறு, முறை வேறு. சராசரி எடுத்து 4.25 என்று போடுவதுதான் தவறு.

‘10 புள்ளி கொண்ட ரிக்டர் அளவுகோலில்’ என்று எழுதாதீர்கள். இந்த அளவுக்கு மேல் எல்லை கிடையாது. மிக நுண்ணிய நடுக்கங்களுக்குச் சுழிக்கு (பூஜ்ஜியத்துக்கு) கீழேயும் எண் வரும். பன்னிரண்டு படியோடு நிற்பது குலுக்க அளவீடு. உலக நேரத்தில் வரும் குறிப்புக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். மாலை ஆறரை மணிக்குப் பிந்திய உலக நேரமானால் நம் தேதியும் மாறும். கில்லாரி நடுக்கம் சில பட்டியல்களில் செப்டம்பர் 29 என்று இருப்பது இதனால்தான். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் எண்ணோடு ‘முதற்கட்டக் கணிப்பு’ என்று சேர்த்துவிடுங்கள். திருத்தம் வந்தால் புதிய எண்ணையும் பழையதையும் ஒரே வரியில் போடுங்கள். ‘இன்னொரு நிலநடுக்கம்’ என்று வாசகர் பதறாமல் இருப்பார்.